குளிர் பட்ட மருந்து

பதினோராவது பெண் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, சுடிதார்க் கையைத் தோள்வரை ஏற்றியபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று வள்ளிமயில் நினைத்தாள். பத்தாவது பெண்ணின்போதும் அப்படித்தான் நினைத்தாள். ஆறாவதின்போதும். முதல் பெண்ணின்போது அந்த நினைப்பே ஓடவில்லை. உள்ளங்கை இரண்டும் மரத்துப்போய்ப் பஞ்சைக் கிள்ள வராமல் இருந்ததை ஜெசிந்தா சிஸ்டர் பார்த்துவிடக் கூடாதே என்பதிலேயே உயிர் இருந்தது. பஞ்சைக் கிள்ளி, ஸ்பிரிட்டில் நனைத்து, பிழிந்து, சிஸ்டருக்கு இடது பக்கத்துத் தட்டில் வைப்பது அவள் வேலை. கிள்ளு, நனை, பிழி, வை. பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஊசி அறையில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், இரண்டு நாற்காலி, அவள், சிஸ்டர். வாசலிலிருந்து வேப்பமரம்வரை நர்சிங் முதல் வருஷத்துப் பெண்கள், எழுபத்தெட்டுப் பேர். திங்கட்கிழமை முதல் இவர்கள் பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகிறார்கள். போவதற்குள் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட்டாக வேண்டும். "பேரு? ரோல் நம்பர்? சாப்ட்டியா? மருந்து எதுவும் ஒத்துக்காம போயிருக்கா? அந்தப் பக்கம் திரும்பிக்கோ. அவ்ளோதான், அழுத்திப் பிடி. அடுத்து." சிஸ்டரின் குரல் ஒரே சீராக ஓடுகிறது. குப்பியைத் தலைகீழாகப் பிடிக்கிறாள், ஊசியால் உறிஞ்சுகிறாள், விரலால் சுண்டுகிறாள், குத்துகிறாள். குத்துவது அத்தனையும் வீண். ராத்திரி முழுக்க உறைந்து கிடந்த மருந்து அது. உறைந்த மருந்து செத்த மருந்து. அது இந்த வளாகம் முழுவதிலும் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். உறைய வைத்தவளும் அவளே. அவள் பஞ்சு கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மத்தியானத்திலிருந்து வளாகம் முழுக்கக் கரண்ட் இல்லை, டிரான்ஸ்பார்மர் மாற்றுகிறார்கள், இன்று காலை ஏழு மணிக்குத்தான் வரும் என்று மூன்று நாளுக்கு முன்னாலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. மையத்து ஜெனரேட்டர் தீபாவளிக்கு நின்றது நின்றதுதான். மருந்தையெல்லாம் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டிக்குள் ஐஸ் பாக்கெட் அடுக்கி வைக்க வேண்டும். அது சிஸ்டர் கையால் செய்ய வேண்டிய வேலை. ஆனால் நேற்று சிஸ்டர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். கிளம்பும்போது சிஸ்டர் பதிவேட்டை இழுத்து, 'அடுக்கியவர்' என்ற கட்டத்தில் தன் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவிட்டுத்தான் போனாள். அது ஒன்றும் புதுசு இல்லை, எல்லாரும் அப்படித்தான், லீவு நாளுக்குச் சேர்த்து வெப்பநிலையைக்கூட முதல் நாளே எழுதி வைப்பார்கள். "வள்ளிக்கா, நீங்க எத்தன வாட்டி பார்த்திருக்கீங்க. ஐஸ் பாக்கெட்ட வெளிய எடுத்து மேசைமேல பரப்பி வைங்க. மேல வேர்க்கணும். காதுகிட்ட வச்சு ஆட்டுனா உள்ள தண்ணி சலசலன்னு கேக்கணும். கேட்டப்புறம்தான் அடுக்கணும், மறந்துராதீங்க." மறக்கவில்லை. அதுதான் இப்போது நெஞ்சைப் பிசைகிறது, மறந்திருந்தால்கூடத் தேவலை. மூணு மணிக்கு எடுத்து மேசைமேல் பரப்பி வைத்தாள். காதில் வைத்து ஆட்டினாள். கல்லைக் காதில் வைத்த மாதிரி இருந்தது. மறுபடி ஆட்டினாள். கல்தான். மூணு நாற்பது பஸ்ஸை விட்டால் அவள் ஊருக்கு அடுத்த பஸ் ஆறரைக்கு. பஸ்ஸை மட்டும் குற்றம் சொன்னால் அதுவும் பொய். அறைக்குள் அனல். மின்விசிறி நின்றுபோய், தகரக் கூரையின் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. குப்பிகளைப் பார்த்தால் அவளுக்குப் பதைத்தது. இந்த வெயிலில் ஐஸை உருகவிட்டு வைத்தால் மருந்து என்னத்துக்கு ஆகும்? பால் திரிந்தது வெயிலில், மாவு புளித்தது வெயிலில், மீன் நாறியது வெயிலில், நாற்பத்தாறு வருஷமாக அவள் கையில் எது கெட்டதோ அது சூட்டில்தான் கெட்டது. குளிர்ந்தால் கெடும் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது மண்டைக்குள் ஏறி உட்காரவேயில்லை. படித்தவர்கள் ஏதோ ஒரு முறைக்குச் சொல்வார்கள், கூடக் கொஞ்சம் ஐஸ் வைத்தால் கூடக் கொஞ்சம் நல்லதுதானே. கல்லாக இருந்ததை அப்படியே சுற்றி அடுக்கினாள். நடுவில் குப்பிகள், இருபத்துநாலும். மேலே இன்னும் இரண்டு பாக்கெட் வைத்து மூடி, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி பெட்டியைத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிம்மதியாக இருந்தது. என்ன நிம்மதி அது, பாவி.

"அக்கா, பஞ்சு." கை நின்றுபோயிருக்கிறது. கிள்ளு, நனை, பிழி. பதினெட்டு. இந்தப் பெண் குண்டு, கையில் ஊசி இறங்கியதே தெரியவில்லை, "முடிஞ்சிருச்சா?" என்று ஏமாந்த மாதிரி கேட்கிறாள். வரிசையில் சிரிக்கிறார்கள். "இவளுக்கெல்லாம் ஊசி பத்தாது சிஸ்டர், கடப்பாரை வேணும்." "போடி எலும்புக்கூடு, உனக்குக் குத்துனா அந்தப் பக்கம் வந்துரும்." சிரிக்கட்டும். எதிர்ச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது, அவள் கண் அங்கேதான் போகிறது. இரண்டு வருஷமாகத் தூசு தட்டிய படம். ஒரு குப்பி, அதன் மேல் பனிப்பூ, குறுக்கே சிவப்புக் கோடு. கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி. ஏழாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், பஸ் போர்டுக்குமேல் நீளமாக இருந்தால் பாதியில் விட்டுவிடுவாள். இதையும் இரண்டு வருஷமாகப் படிக்காமலே துடைத்தாள். இன்று காலை ஏழரைக்குப் பெட்டியைத் திறந்து, குப்பிகள் வெள்ளை வெளேரென்று கட்டி தட்டிப்போய்க் கிடந்ததைப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, உள்ளே எதுவும் அசையாமல் நின்றதைப் பார்த்து, அப்புறம்தான் நிமிர்ந்து அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். உ-றை-ந்-த த-டு-ப்-பூ-சி-யை-ப் ப-ய-ன்-ப-டு-த்-தா-தீ-ர். முழுசாகப் படித்து முடித்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து என்ன செய்தாள்? ஓடிப்போய் யாரிடமாவது சொன்னாளா? குப்பிகளைப் பொத்திப் பிடித்தாள். இரண்டு கையிலும் நாலு, அக்குளில் இரண்டு, மடியில் மிச்சம். எட்டரைக்குள் உருக்கி, துடைத்து, கரண்ட் வந்திருந்த பிரிட்ஜில் பழைய வரிசைப்படி வைத்தாள். உருகிய குப்பிகளின் அடியில் ஏதோ துகள் துகளாகத் தங்கியிருந்தது. ஆட்டினால் கலங்கலாகிறது, நல்ல மருந்து மாதிரியே இருக்கிறது. சிஸ்டர் வந்தாள். கையில் லட்டு டப்பா. "முடிஞ்சிருச்சுக்கா! மாப்பிள்ளை வீட்ல தையிலயே வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. வாயத் தொறங்க." வாயைத் திறந்தாள். லட்டு உள்ளே போனது. இனிப்பை மெல்லும்போது எப்படிச் சொல்வது? விழுங்கியபிறகு சொல்லலாம் என்று விழுங்கினாள். அதற்குள் சிஸ்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து லேபிளைப் பார்த்துவிட்டாள். லேபிளில் சின்னதாக ஒரு கட்டம் உண்டு, சூடு பட்டால் கறுக்கும். "கட்டம் வெள்ளையா, பளிச்சுனு இருக்கு பாருங்க. ஒரு பொட்டுச் சூடு படல. நீங்க இருக்கறப்ப எனக்கு என்னக்கா கவலை." சூடு பட்டால் காட்டிக்கொடுக்கக் கட்டம் வைத்தவன் குளிருக்கு ஒன்றும் வைக்கவில்லை.

இருபத்தேழு. மெல்லிசான மணிக்கட்டு, ரப்பர் வளையல். மூக்கில் ஒரு மச்சம். இந்த நோய் எப்படி வரும் என்று இந்தப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருக்கும். வள்ளிமயில் வீட்டுக்குள் வைத்துப் படித்தாள். அவள் புருஷன் தங்கராசு லாரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், கல் மாதிரி ஆள். முதலில் பசிக்கவில்லை என்றார். பிறகு கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், பத்தியம் வைத்தாள், மஞ்சள் இறங்கியது, வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து வயிறு ஊதியது. வயிறு மட்டும் நிறைமாதம் மாதிரி, கை கால் குச்சி. மதுரைக்குக் கொண்டுபோனபோது அந்தச் சின்ன டாக்டர் பெண் கேட்டாள், "இவர் எங்கயாவது ஊசி போட்டுக்கிட்டாராம்மா? ஒரே ஊசிய நாலு பேருக்குப் போடற இடத்துல?" யாருக்குத் தெரியும். லாரிக்காரர்கள் போகிற வழியில் காய்ச்சலுக்கு எங்கே வேண்டுமானாலும் கை நீட்டுவார்கள். ஒரே ஒரு ஊசி முனை, அதில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். கடைசி வாரம் அவர் அவளையே அடையாளம் தெரியாமல் பார்த்தார். "யாரு நீ? எங்க வீட்டம்மா வர்ற நேரம், எந்திரிச்சுப் போ" என்றார். இந்த மெல்லிசு மணிக்கட்டு திங்கட்கிழமை வார்டில் நிற்கும். பழகாத கை. நோயாளி கையை உதறுவான், ஊசி விரலில் ஏறிவிடும். ஐயோ என்று உதறிவிட்டு, அதற்கென்ன, தடுப்பூசிதான் போட்டிருக்கிறோமே என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போய்விடும். போடாத பிள்ளையாவது பயந்து ஓடிப்போய் டாக்டரிடம் காட்டும். போட்ட பிள்ளை காட்டாது. அதுதான் தாங்க முடியவில்லை. இந்த ஊசி சும்மா இல்லை, ஊசி போடாமல் விட்டதைவிட மோசம் இது. "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சுக்கா," என்று அந்த மச்சக்காரப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அவளும் திரும்பிச் சிரித்தாள். எப்படி வருகிறது இந்தச் சிரிப்பு, எங்கிருந்து வருகிறது.

மூன்று ஊசி என்று ஞாபகம் வந்தது. இன்று ஒன்று, அடுத்த மாசம் ஒன்று, ஆறாம் மாசம் ஒன்று. இது போனால் போகட்டும், மற்ற இரண்டும் காப்பாற்றிவிடும் அல்லவா? நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. முப்பத்திரண்டாவது பெண் எழுந்து போனபோது, தட்டில் பஞ்சை வைக்கிற சாக்கில் குனிந்து, "சிஸ்டர், சும்மா கேக்குறேன், இதுல ஒண்ணு தவறிப்போச்சுன்னா மத்த ரெண்டு போதுமா?" என்றாள். "போதாதுக்கா. மூணும் சேந்தாதான் உடம்பு புடிச்சுக்கும். அதான் மூணு தவணைக்கும் சேத்து இருபத்துநாலு குப்பி ஒண்ணா வாங்கி வச்சிருக்கோம். இந்தத் தடவை மாதிரி எப்பவும் கிடைக்காது." இருபத்துநாலு. இருபத்துநாலும் அவள் கையில், அக்குளில், மடியில் உருகியவைதான். இன்றைய ஊசி மட்டும் என்று ஏன் நினைத்தாள்? அடுத்த மாசமும் இதே செத்த மருந்து, ஆறாம் மாசமும் இதே. மூன்று தடவை பஞ்சு கிள்ளுவாள். "அப்புறமா ரத்தம் எடுத்துப் பாப்பாங்கல்ல சிஸ்டர், உடம்புல புடிச்சிருக்கான்னு?" சிஸ்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னிக்கு என்னக்கா இவ்ளோ கேள்வி? நர்சிங் சேரப் போறீங்களா?" வரிசையில் சிரிப்பு. "இங்க யாரு ரத்தம் எடுத்துப் பாக்குறா. கார்டுல மூணு கையெழுத்து இருந்தாச் சரி, வார்டுக்குள்ள விட்ருவாங்க. அடுத்து."

சொன்னால் என்ன ஆகும் என்று ஆரம்பத்திலிருந்து போட்டுப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. அவள் வேலை போகும், அது போகட்டும், ஒப்பந்தக்காரன் நாளைக்கே வேறு ஆளை அனுப்புவான். போய்த் தொலையட்டும். ஆனால் பதிவேட்டில் 'அடுக்கியவர்' என்று இருப்பது ஜெசிந்தா சிஸ்டர் கையெழுத்து. அடுக்கியது யார் என்று கேட்பார்கள். சிஸ்டர் நேற்று மத்தியானமே வீட்டுக்குப் போனது வெளியே வரும். தை மாசம் கல்யாணம். தங்கராசு செத்துப் பதினெட்டாம் நாள், வீட்டுக்குள் படுத்தே கிடந்தவளை வந்து எழுப்பி, குளிக்கச் சொல்லி, தலை வாரிவிட்டு இந்த வேலையில் கொண்டுவந்து உட்கார வைத்தவள் சிஸ்டர். அந்தக் கழுத்தில் கத்தி வைப்பதா? வைக்காவிட்டால் இந்த எழுபத்தெட்டுக் கழுத்தில். அப்படியானால் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் சிஸ்டர். சொல்லாவிட்டால் பிள்ளைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் முகம் வந்து நிற்கிறது. சிஸ்டர் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொன்னால்? அதற்குள் எழுபத்தெட்டும் முடிந்திருக்கும். முடிந்தபிறகு சொன்னால் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு, இது தண்ணி, மறுபடி கை நீட்டுங்கள் என்று யார் சொல்வார்கள்? சிஸ்டரே, "விடுங்கக்கா, யாருக்கும் தெரிய வேணாம்" என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பாள். ஒருத்தி தூங்காதது போதாதென்று இரண்டு பேர். சொல்ல வேண்டுமானால் இப்போது, வரிசை பாதியாக இருக்கும்போதே, எல்லார் காதிலும் விழ. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழாவது பெண்ணின் கையில் ஒரு துளி ரத்தம் அரும்பியது, அவள் வைத்த பஞ்சில் வட்டமாக ஊறியது. அதைப் பார்த்ததும் ஏதோ அறுந்துவிட்டது. இந்த ரத்தம், இவ்வளவுதான், இவ்வளவு போதும் அதற்கு. எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சரிந்தது.

"சிஸ்டர், இந்த மருந்து..." என்றாள். அவ்வளவுதான் வந்தது. கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஜெசிந்தா சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மெல்ல இளகியது. "தெரியும்க்கா," என்றாள். தெரியுமா? தெரிந்தேவா? "காலையிலருந்து பாக்குறேன். சுத்திச் சுத்திக் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்க, வாய் விட்டுக் கேக்க உங்களுக்குச் சங்கடம். அண்ணன் இந்த நோய்லதான போனாரு, எனக்குத் தெரியாதா? ஒப்பந்தத்து ஆளுங்க பேரு லிஸ்ட்ல இல்லன்னு எனக்கும் மனசு கேக்கல. எட்டுக் குப்பிக்கு எண்பது ஊசி, ரெண்டு மிச்சம்தான. ஒண்ணு உங்களுக்கு. யாரு கேக்கப் போறா. இப்படி வாங்க." இல்லை சிஸ்டர், அது இல்லை, என்று உள்ளே யாரோ கத்தினார்கள். சிஸ்டர் ஏற்கெனவே புது ஊசியைப் பிரிக்கிறாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம், பாவம், ஒருத்திக்கு நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷம், அதன்மேல் எப்படி அடிப்பது.

அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாற்பத்தெட்டாவது பெண் எழுந்தாள். சுகிர்தா என்று பெயர் சொன்னவள், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. "சிஸ்டர், எனக்கு இங்க வேணாம். எங்க ஊர்ல போட்டுக்கறேன். சனிக்கிழம ஊருக்குப் போறேன், அங்க எங்க டாக்டர் மாமாகிட்டயே போட்டு எழுதி வாங்கிட்டு வந்துர்றேன்." முகம் வெளுத்திருந்தது. வள்ளிமயிலின் மனசு அப்படியே அவள் பக்கம் பாய்ந்தது. போ தாயி. போயிரு. ஊருக்குப் போய் நல்ல மருந்தாகப் போட்டுக்கோ, எழுபத்தெட்டில் ஒருத்தி, நீ ஒருத்தியாவது. "ஊசிக்குப் பயந்துக்கிட்டு டாக்டர் மாமாங்கற," என்றாள் வரிசையில் ஒருத்தி. "இவ நாளைக்கு நமக்கு ஊசி போடுவாளாம்டி." சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க பாரு, சுகிர்தா. இந்த அக்கா வீட்டுக்காரர இந்த நோய் தின்னுருச்சு. லிஸ்ட்ல பேரு இல்ல, கேக்க வாய் வராம அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. இது கெடைக்காதான்னு ஏங்கறவங்க இவங்க. நீ கைல கெடச்சதத் தள்ளிட்டுப் போற." அந்தப் பெண் திரும்பி வள்ளிமயிலைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். வாசலில் கழுத்துகள் எட்டிப் பார்த்தன. கேலி அடங்கி, ஆஸ்பத்திரி வார்டில் யாரோ அழும்போது வருமே, அந்த மாதிரி ஒரு அமைதி வந்தது. சிஸ்டர் வள்ளிமயிலின் ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள், அவளே நனைத்து வைத்த பஞ்சால் அவள் கையைத் துடைத்தாள். சில்லென்றது. வேண்டாம் என்று சொல்ல அது கடைசி நேரம், அதுவும் கடந்தது. ஊசி இறங்கியது. மருந்து உள்ளே போவது தெரிந்தது, கொஞ்சம் எரிந்தது, நல்ல மருந்தும் இப்படித்தான் எரியும்போலிருக்கிறது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இது வேலை செய்தாலும் செய்யும் என்று அவளுக்கே தோன்றியது. சிஸ்டர் பதிவேட்டின் கடைசியில் அவள் பெயரை எழுதி, ஒரு புதுக் கார்டை எடுத்து, அடுத்த ஊசி தேதியைக் குறித்து நீட்டினாள். வள்ளிமயில் கையெழுத்துப் போட்டாள். வ-வுக்கு அப்புறம் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு ஓடியது.

சுகிர்தா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை வழுக்கியது. கண் நிறைந்திருந்தது, வெட்கமோ என்னவோ. "ஸாரிக்கா," என்றாள். "எனக்குத் தெரியாது." பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி, "நீங்க என் கைய புடிச்சுக்கிறீங்களா? நான் எந்திரிச்சு ஓடிருவேன்." வள்ளிமயில் சரிந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். சூடாக, ஈரமாக, உயிரோடு இருந்தது. சிஸ்டர் குப்பியை ஆட்டி, தலைகீழாகப் பிடித்து, உறிஞ்சினாள். ஊசியைப் பார்த்ததும் பெண் ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தாள். வள்ளிமயில் விடவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். ஊசி இறங்கி வெளியே வரும்வரை அவள் பிடியை விடவேயில்லை.